பதுவையில் இருவருக்கான அறை

ஹோட்டல் படங்களில் மற்றவர்கள் கட்டிலைப் பார்ப்பார்கள். பாலேஸ்வரி கட்டிலுக்குக் கீழே பார்ப்பாள். ரொறன்ரோவில் வேலை முடிந்து, புறநகரான விட்பிக்குப் போகும் ரயிலின் மேல்தட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, போனில் படத்தை இரண்டு விரலால் விரித்து விரித்து, சுவரும் நிலமும் சேருகிற இடத்தில் ஊத்தை இருக்கிறதா என்று தேடுவாள். பக்கத்தில் இருப்பவர்கள் அவள் ஏதோ எக்ஸ்-ரே பார்க்கிறாள் என்று நினைத்திருக்கக்கூடும்.

இரண்டு கிழமையாக இதே வேலை. ஒக்டோபரில் இத்தாலிக்கு, பதுவை நகருக்குப் போய்வர மகள் சுபாங்கி தாய்க்கும் தகப்பனுக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தாள். முதல் மூன்று இரவு எங்கே தங்குவது என்பதை மட்டும் அம்மாவே பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். அது அவள் விட்ட பிழை.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒன்று இருந்தது. விலையும் நல்லது. ஆனால் அறை முழுக்கக் கம்பளம், அதிலும் கதிரையை யாரும் வைக்காத ஒரு மூலையில் வைத்திருந்தார்கள். கறையை மறைக்கத்தான். அவளே எத்தனை கதிரையை அப்படி நகர்த்தியிருக்கிறாள். பழைய நகரத்தின் நடுவில், மரக்கறிச் சந்தைக்கு மேலே இன்னொன்று. கூரையில் ஓவியம், கட்டிலில் பொன்னிறப் பட்டு விரிப்பு. அப்படியான விரிப்பை எத்தனை மாதத்துக்கு ஒருக்கால் தோய்ப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். படத்தைப் பார்த்ததும் முழங்கை அரித்தது. அந்தோனியார் கோயிலுக்குப் பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் யாத்திரிகர் விடுதி ஒன்று. துப்புரவு என்றால் துப்புரவு, ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆனால் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரவர் கோப்பையை அவரவர் கழுவி வைக்க வேண்டுமாம். அதை வாசித்த கையோடு மூடிவிட்டாள்.

“அம்மா, எல்லாத்துக்கும் ரேட்டிங் நல்லா இருக்கு. ஜஸ்ட் புக் பண்ணுங்கோ. ஓவர்திங்க் பண்ணாதேங்கோ” என்றாள் சுபாங்கி.

“ரேட்டிங் குடுத்தவன் கட்டிலுக்குக் கீழை பார்த்தவனே?”

பாலேஸ்வரிக்கு இந்த ஆவணியோடு ஐம்பத்தொன்பது. யூனியன் ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் உள்ள ஒரு பெரிய ஹோட்டலில் முப்பத்தொரு வருஷமாக அறை துப்புரவு செய்கிறாள். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் குடியிருந்தது நகருக்குள், சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் பதினேழாம் மாடி. லிஃப்ற் பழுதானால் படி. இப்போது விட்பியில் சொந்த வீடு, போகவர இரண்டு மணித்தியாலம் ரயில். ஒரு நாளைக்குப் பதினைந்து அறை. அவள் விரித்த கட்டில்களை வரிசையாக அடுக்கினால் விட்பியும் தாண்டிப் போகும். ஆனால் ஒரு ஹோட்டல் கட்டிலில் ஒரு நாளாவது படுத்ததில்லை.

வெளிநாடே போகாதவள் அல்ல. லண்டனுக்குப் போயிருக்கிறாள், பாரிஸுக்கு இரண்டு தரம், ஒஸ்லோவுக்கு ஒரு கலியாணத்துக்கு. எல்லா இடமும் சொந்தக்காரர் வீடு. அவர்கள் இருக்கும் ஊரில் ஹோட்டலில் நிற்பதென்றால், ஏதோ கோபதாபம் என்று அர்த்தம். ஹோலில் சோஃபாவை இழுத்து விரித்துப் படுப்பாள். வீட்டுக்காரி எழும்ப முன் எழும்பி, போர்வையை மடித்து, சோஃபாவைப் பழையபடி தள்ளி, தேத்தண்ணி போட்டுவிட்டு வெங்காயம் உரிக்க உட்காருவாள். பாரிஸின் பெரிய கோபுரத்தைக் காருக்குள் இருந்தபடிதான் கண்டாள். மடியில் இருந்த றொட்டிச் சட்டி மறைத்ததால் அதுவும் பாதிதான்.

பதுவைக்குப் போவதற்கு ஒரு நேர்த்திக்கடன் காரணம். வேலைக்குச் சேர்ந்த அடுத்த வருஷம், குடியுரிமைக்கு வேண்டிய பேப்பரை ஏப்ரன் பைக்குள் வைத்திருந்து தொலைத்துவிட்டாள். கூட வேலை செய்த, யாழ்ப்பாணம் குருநகர்க் கத்தோலிக்கப் பெண் றோஸ்மேரி, “அந்தோனியாருக்கு நேர்ந்து விடு, துலைஞ்சது கிடைக்கும்” என்றாள். சைவக்காரியான பாலேஸ்வரி அப்படியே, “உன்ரை கோயிலுக்கு வந்து மெழுகுதிரி கொளுத்திறன்” என்று நேர்ந்தாள். பேப்பர் ஊத்தைத் துணிப் பையின் அடியில் கிடைத்தது. ரொறன்ரோவில் உள்ள கோயிலுக்கு அவள் வெளிக்கிட, றோஸ்மேரி மறித்தாள்.

“என்ன சொன்னனி? ‘உன்ரை கோயில்’ எண்டுதானே? அவரின்ரை கோயில் பதுவையிலை எல்லோ இருக்கு.”

அன்றிலிருந்து அது கிடப்பில் கிடந்தது.

தேடத் தொடங்கிப் பதினாறாம் நாள், ரயில் ஏரிக்கரையோரம் போய்க்கொண்டிருந்தபோது, அந்த அறை அகப்பட்டது. பழைய நகரத்துக்குள், வளைவுத் தூண் வைத்த நடைபாதை ஓடும் ஒரு குறுந்தெருவில், இரண்டாம் மாடி. செங்கல் நிற ஓட்டு நிலம், கம்பளம் இல்லை. வெள்ளை ஷீட், மேலே வேறொன்றும் இல்லை. ஜன்னல் பின்பக்கத்து ஒழுங்கையைப் பார்த்திருந்தது. எதிர்வீட்டில் யாரோ ஆம்பிளைச் சேட்டுகளைக் காயப் போட்டிருந்தார்கள். அறைக்குப் பேரே ‘இருவருக்கான அறை’. ஒரேயொரு குறை: கட்டிலின் இடதுபக்கக் கால்மாட்டு மூலையில் ஷீட்டைச் சரியாக மடித்துச் செருகவில்லை. அதைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தாள். அதைச் செருகிவிட விரல் உன்னியது. இருந்தாலும் பிக்கரிங் ஸ்டேஷன் வருவதற்குள் புக் பண்ணிவிட்டாள். பயணத்துக்கு மூன்று கிழமைக்கு முன் ரத்துச் செய்தால் காசு முழுக்கத் திரும்பக் கிடைக்கும் என்று போட்டிருந்தது, அந்தத் துணிவுதான்.

வீட்டுக்கு வந்து கணவன் மகேஸ்வரனுக்குக் காட்டினாள். பாண் சுடும் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் நின்று ஓய்வெடுத்தவர். எதையும் ஒருவரிடம் விசாரிக்காமல் செய்யமாட்டார்.

“வடிவாத்தான் இருக்கு. எதுக்கும் தில்லையை ஒருக்கா ஏரியா எப்பிடியெண்டு கேப்பம்.”

“அவரை ஏன் கேக்கிறியள்?”

“சும்மா. கேக்கிறதிலை என்ன?”

தில்லையம்பலம் மகேஸ்வரனின் சித்தப்பா மகன். பொலோனியாவில், பதுவையிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலத் தூரத்தில் இருக்கிறான். அவனிடம் ‘எந்த ஏரியா நல்லது’ என்று கேட்பது, ‘எங்களை உன் வீட்டில் வைத்திருப்பாயா’ என்று கேட்பதற்குச் சமம். இது மகேஸ்வரனுக்குத் தெரியாமல் இல்லை. கேட்கும்போது மறந்துபோனார், அவ்வளவுதான்.

“என்னண்ணை விசர்க்கதை கதைக்கிறியள்!” தில்லையம்பலத்தின் குரல் குசினிவரை கேட்டது. “நான் இஞ்சை குத்துக்கல்லு மாதிரி இருக்க, நீங்கள் ஹோட்டலிலை நிக்கிறதோ? சனம் என்ன சொல்லும்?”

“அங்கை என்னடா சனம்?”

“இருக்கு அண்ணை, நாப்பது குடும்பம் இருக்கு.”

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து அறையைக் காட்டினான். பிள்ளைகளின் அறை. பிள்ளைகளை ஹோலுக்கு மாற்றிவிட்டு, சுவருக்கு இளநீலப் பெயின்ற் அடித்திருந்தான். புது மெத்தையை நெகிழியுறை கழற்றாமலே தட்டிக் காட்டினான். “அண்ணி, உங்கடை முதுகுக்கெண்டு கெட்டி மெத்தையாப் பார்த்து வாங்கினனான். வரேக்கை வறுத்த கறித்தூள் மட்டும் ரெண்டு கிலோ கொண்டு வாங்கோ. இஞ்சை இடிக்கிற தூள் சரிவருகுதில்லை.”

பாலேஸ்வரி சிரித்தாள். கன்னம் நொந்தது.

“கான்சல் பண்ணிவிடு பாலேஸ்” என்றார் மகேஸ்வரன் பிறகு. “அவன் மெத்தை எல்லாம் வாங்கிப்போட்டான். முகத்தை முறிக்கேலுமே? கோயிலுக்கு ஒரு நாள் ரயிலிலை போய்ட்டு வருவம். நேர்த்திதானே முக்கியம்.”

“ஓம்” என்றாள்.

ஓம் என்றாளே தவிர, ரத்துச் செய்யக் கை போகவில்லை. காலையில் ரயிலில் அந்த அறைப் படத்தைப் பார்த்தாள், இரவு பல் தீட்டும்போது பார்த்தாள். இருபத்திரண்டாம் மாடியில் ஒரு அறையின் கட்டிலை விரித்து முடித்து, ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனவள், விளக்கை நிற்பாட்டினேனா என்று திரும்பி வந்தாள். நிற்பாட்டித்தான் இருந்தது. அன்று மூன்று தரம் அப்படித் திரும்பினாள்.

மதியம் சாப்பாட்டறையில் றோஸ்மேரி அவளது போனைப் பறித்துப் பார்த்தாள். இருவரில் மூத்தவள், வாற தைக்கு ஓய்வு.

“எடியே, இதுக்கோ இவ்வளவு பாடு? ஜன்னலுக்கால ஒருத்தற்றை சேட்டுத்தான் தெரியுது.”

“அது நல்லம் அக்கா.”

“பொலோனியாவிலை சும்மா படுக்கலாம், சோறும் தருவினம். உனக்கு இந்த அறை என்னத்துக்கடி?”

பாலேஸ்வரி சாப்பாட்டுப் பெட்டியை மூடித் திறந்து மூடினாள். “விடிய எழும்பி, அப்பிடியே போட்டது போட்டபடி விட்டிட்டு வெளியிலை போகவேணும். திரும்பி வரேக்கை அது விரிச்சிருக்கவேணும். ஒருக்கா.”

றோஸ்மேரி போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, “தலைகாணிக்கு மேலை ரெண்டு யூரோ வைக்க மறந்துபோடாதை. வைக்காத சனத்தை நாங்கள் எவ்வளவு திட்டியிருப்பம்” என்றாள்.

ரத்துச் செய்யக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. காலையில் மகேஸ்வரன் அவளுக்குச் சப்பாத்தை எடுத்துக் கொடுத்தபடி சொன்னார்: “இண்டைக்கு இரவு பன்ரண்டு மணி மட்டும் இருக்கு. வேலையாலை வந்து ஆறுதலாச் செய். நான் பக்கத்திலை இருக்கிறன்.”

“ஓம்.”

போனில் 23:59 என்றுதான் இருந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில், தங்குமிடத்தின் நேரப்படி என்றும் இருந்தது. அங்கே நள்ளிரவென்றால் இங்கே பின்னேரம் ஆறு மணி. வன்கூவரிலிருந்தும் ரோக்கியோவிலிருந்தும் வருகிறவர்கள் இதே கதைக்கு வரவேற்பு மேசையில் நின்று சண்டை பிடிப்பதை அவள் முப்பத்தொரு வருஷமாகப் பார்க்கிறாள். சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டு பேசாமல் வெளிக்கிட்டாள்.

ஐந்து பத்து ரயில். ஸ்காபறோ தாண்டி ஏரி தெரிந்தபோது ரத்துச் செய்யும் பக்கத்தைத் திறந்தாள். பெருவிரலைப் பட்டனுக்கு மேலே வைத்தாள். தில்லையம்பலத்தின் மெத்தை ஞாபகம் வந்தது. நீலச் சுவர், ஹோலில் படுக்கப்போகும் இரண்டு பிள்ளைகள். நல்ல மனுசன். வருஷத்துக்கு ஒருதரம் மறக்காமல் பிறந்தநாளுக்கு எடுப்பான். அவன் மனைவியும் வேலைக்குப் போகிறவள். அந்தக் குசினியில் வெங்காயம் எந்த மூலையில் இருக்கும் என்றுகூட அவளுக்கு இப்போதே தெரியும்போல் இருந்தது.

பிக்கரிங். ஐந்து நாற்பத்தெட்டு. போனைக் கைப்பைக்குள் போட்டாள். எடுத்தாள். முன்சீட்டு இளம்பெண் ஹெட்ஃபோனைக் கழற்றித் திரும்பிப் பார்த்தபோதுதான், தான் காலால் நிலத்தைத் தட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. ஏஜக்ஸில் கதவு திறந்து, ஆட்கள் இறங்கி, கதவு பூட்டியது. ஐந்து ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டு. பெருவிரல் வியர்த்தது, பாவாடையில் துடைத்தாள். ஐம்பத்தொன்பது. யாரோ இருமினார்கள். ரயில் ஒரு பாலத்துக்குக் கீழே புகுந்து வெளியே வந்தது.

பக்கத்தைப் புதுப்பித்தாள். இனி ரத்துச் செய்தால் ஒரு சதமும் திருப்பித் தரப்படமாட்டாது என்றிருந்தது.

விட்பி ஸ்டேஷனில் மகேஸ்வரன் காரில் காத்திருந்தார். சீட் பெல்ற்றைப் போடும் முன்பே சொல்லிவிட்டாள்.

“அது முடிஞ்சுது. இனிக் கான்சல் பண்ணேலாது.”

“பன்ரண்டு மணி எண்டுதானே போட்டிருந்தது?”

“அங்கத்தைப் பன்ரண்டு.”

மகேஸ்வரன் காரை எடுக்கவில்லை. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.

“உனக்கு அது முதலே தெரியாதே?”

“தெரியும்.”

அவர் அவளைப் பார்த்தார். கலியாணம் கட்டி முப்பத்துநான்கு வருஷத்தில் அந்தப் பார்வை இரண்டு மூன்று தரம்தான் வந்திருக்கும். ஹோர்ன் மறுபடி அடித்தது. காரை எடுத்து இரண்டு சிக்னல் தாண்டினார்.

“தில்லைக்கு ஆர் சொல்லுறது? என்னாலை ஏலாது.”

“நான் சொல்லுறன்.”

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பொலோனியாவில் பின்னேரம் மூன்று. தொலைபேசியைக் காதோடு வைத்துக்கொண்டு குசினிக்கும் ஹோலுக்குமாக நடந்தாள். மகேஸ்வரன் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருக்காத குறை.

“அண்ணி, எங்கடை வீடு சின்னனெண்டு யோசிக்கிறியளோ?”

“இல்லைத் தம்பி. நான் முப்பத்தொரு வருஷம் ஊராற்றை கட்டில் விரிச்சனான். மற்ற ஆள் விரிச்ச கட்டிலிலை ஒருக்காப் படுத்துப் பார்க்கவேணும், அவ்வளவுதான்.”

“அதுக்கென்ன? இஞ்சை நானே விரிச்சு விடுறன்!”

“நீர் விரிப்பீர். விடிய எழும்பி நான் மடிக்கவேணுமே.”

“ஆர் உங்களை மடிக்கச் சொன்னது?”

“ஒருதரும் சொல்லமாட்டினம் தம்பி. நான் மடிப்பன்.”

அந்தப் பக்கம் தொலைக்காட்சியில் யாரோ இத்தாலியனில் கத்துவது கேட்டது. பாலேஸ்வரி நடையை நிற்பாட்டினாள். சரி, இத்தோடு இந்தச் சொந்தம் முடிந்தது, இனிப் பிறந்தநாளுக்கும் போன் வராது என்று நினைத்தாள்.

“அண்ணி” என்றான் தில்லையம்பலம். “அந்த அறையிலை எத்தினை பேர் நிக்கலாம்?”

“ஏன்?”

“அப்ப நாங்களும் அங்கை வாறம். பிள்ளையளைக் கீழை படுக்க வைக்கலாம். ரைஸ் குக்கரைக் கொண்டு வந்தமெண்டால்…”

மகேஸ்வரன் பேப்பரைக் கீழே வைத்துவிட்டார்.

“ரெண்டு பேர்” என்றாள் பாலேஸ்வரி.

“சின்னப் பிள்ளையள்தானே அண்ணி, அவங்கள் எண்ணமாட்டாங்கள்.”

“எண்ணுவாங்கள். நானே எண்ணுறனான். ரெண்டே ரெண்டு பேர் தம்பி. நாலாம் நாள் காலமை உங்கடை வீட்டுக்கு வாறம். அந்த மெத்தையிலைதான் படுப்பன். தூள் மூண்டு கிலோ.”

“மூண்டோ?”

“மூண்டு.”

கொஞ்சம் யோசித்தான். “கறுவாப்பட்டை கொஞ்சம் கூடப் போட்டு வறுங்கோ” என்றான்.

போனை வைத்தபிறகும் அவளுக்கு உட்கார முடியவில்லை. தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்தாள், அது கொதிக்க முன் அடுப்பை நிற்பாட்டினாள். ஜன்னலடியில் நின்று அறைப் படத்தை மறுபடி திறந்தாள். ஓட்டு நிலம், ஒழுங்கை, எதிர்வீட்டுச் சேட்டுகள். இடதுபக்கக் கால்மாட்டில் அந்த மூலை அப்படியே தொங்கியது. இரண்டு விரலால் பெருப்பித்தாள்.

“என்ன, இன்னும் ஏதும் பிழையோ?” என்று கேட்டார் மகேஸ்வரன்.

“ஷீட்டை ஒழுங்காச் செருகேல்லை.”

“போய்ச் செருகிவிடன்.”

“அது அவையின்ரை வேலை” என்றாள் பாலேஸ்வரி. போனை மூடிக் கவிழ்த்து வைத்துவிட்டு, வறுக்கிறதற்குச் செத்தல் மிளகாய் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்கப் போனாள்.