எதிர்த் திசையில் போன பௌர்ணமி

அண்ணாமலையாரை நம்பி இருக்கும் எல்லோருக்கும் வணக்கம். நான் செல்வி. திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. இருபத்திரண்டு வருடம் பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போனவள். எனக்கெல்லாம் நோய் வராது என்ற திமிரும் இருந்தது, மறைக்க மாட்டேன்.

போன வருடம் சித்திரையில் இடது மார்பில் கட்டி தென்பட்டது. புற்றுநோய் என்றார்கள். மார்பை எடுத்தார்கள். பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை கீமோ. முடியெல்லாம் கொட்டியது, வாயெல்லாம் புண். இத்தனை வருடம் சுற்றிச் சுற்றி வந்ததற்கு இதுதான் பலனா என்று மலையோடு சண்டை போட்டேன். மலை கண்ணில் படக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தி வைத்தேன். மூன்று மாதம் அண்ணாமலையாரோடு பேச்சே இல்லை.

ஆவணிப் பௌர்ணமி. நான்காவது கீமோ முடிந்து பத்தாம் நாள். சாயங்காலம் நான்கு மணிக்குக் குளிர் தூக்கிப் போட்டது. தெர்மாமீட்டர் நூற்றிரண்டு காட்டியது. கீமோ நடக்கும்போது காய்ச்சல் வந்தால் உயிருக்கே ஆபத்து, உடனே கிளம்பி வந்துவிட வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

எப்படிக் கிளம்புவது? சாலை முழுக்க ஜனம். வண்டி எதுவும் உள்ளே வர முடியாது. ஆஸ்பத்திரியோ ஊருக்கு அந்தப் பக்கம். கிரிவலக் கூட்டத்துக்கு எதிரே போயாக வேண்டும். என் கணவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பக்கத்துத் தெரு ஆட்டோக்காரர் பாஷா பாய் விஷயம் தெரிந்து ஓடி வந்தார்.

"அக்கா, போலீஸ் தடுப்புக்கு அந்தாண்ட என் வண்டி நிக்குது. அதுவரைக்கும் தள்ளிக்கினு போய்டலாம்."

பரணில் கிடந்த மாமியாரின் சக்கர நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். மலையை வலம் வந்தே பழகியவள், இடமாகப் போகிறேனே என்று அழுகை வந்தது. அன்றுதான் மறுபடி மலையைப் பார்த்து வாய் திறந்தேன்.

"அப்பா, தப்பான பக்கமாத்தான் வரேன். கோச்சுக்காத. நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேத்துடு."

பத்தடி போவதற்குள் கூட்டத்தில் சிக்கிக்கொண்டோம். நாற்காலி நகரவில்லை. எதிரே கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு கூட்டம் வந்தது, ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பேர். அதில் ஓர் அம்மா என் மொட்டைத் தலையையும் முகக்கவசத்தையும் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்கா?" என்றார். என் கணவர் தலையாட்டினார். உடனே அந்த அம்மா தன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"எல்லாரும் திரும்புங்க. ரெண்டு பக்கமும் கை கோத்துக்குங்க."

அவ்வளவுதான். பத்துப் பேரும் வந்த வழியே திரும்பினார்கள். "அரோகரா, வழி விடுங்க" என்று குரல் கொடுத்துக்கொண்டே நடந்தார்கள். கூட்டம் விலகியது.

கிரிவலத்தில் எப்போதும் முன்னால் போகிறவர்களின் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். அன்றுதான் முகங்களைப் பார்த்தேன். ஒருவர் அழுதுகொண்டே வந்தார். ஒரு பெண் நடக்க முடியாத பிள்ளையை இடுப்பில் தூக்கி வந்தாள். என்னைக் கண்டதும் கை கூப்பினாள். எனக்கு மட்டும்தான் கஷ்டம் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தேனே என்று வெட்கமாகிவிட்டது.

தடுப்பு வந்தது. அந்த அம்மாவிடம், "உங்க சுத்து விட்டுப் போச்சேம்மா" என்றேன்.

அவர் சிரித்தார். "மலை எங்க ஓடிடப் போவுது? நாங்க மொதல்லேர்ந்து சுத்திக்கிறோம். நீ போ கண்ணு."

வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிட்டன, நல்ல வேளையாக வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். ஆறாம் நாள் வீடு திரும்பினேன். முதல் வேலையாக ஜன்னலைத் திறந்தேன்.

நோய் முழுதாகப் போய்விடவில்லை. அடங்கி இருக்கிறது என்கிறார்கள். தினமும் மாத்திரை, மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. ஊசி போட்ட இரண்டு நாள் படுக்கைதான். மூன்றாம் நாள் எழுந்து ரசம் வைத்துவிடுவேன். முடி கொஞ்சம் முளைத்திருக்கிறது. "ஸ்கூல் பையனாட்டம் இருக்கீங்கக்கா" என்று பாஷா பாய் கிண்டல் செய்கிறார். சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

முழுச் சுற்று நடக்க இன்னும் தெம்பு இல்லை. அதனால் பௌர்ணமி தோறும் எங்கள் தெருமுனையில் நாற்காலி போட்டு, வருகிறவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்கிறேன். அண்ணாமலையாரிடம் நம்பிக் கேளுங்கள், கோபமாக இருந்தாலும் கேளுங்கள். நடந்து வரும்போது குட்டை முடியோடு ஒருத்தி உங்கள் முகத்தையே பார்த்தால், அது நான்தான். உங்களுக்காக அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டிருப்பேன்.