எட்டு மாதம் என்று சொன்ன கை

பேய், ஜின் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய் அடுப்பைப் பார்க்கிற ஆள் நான். தக்கலையில் முப்பது வருஷமாக ஒரே வீட்டில் குடியிருக்கிறேன், குளத்தங்கரையில் அதைக் கண்டேன், இதைக் கண்டேன் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள், ஒன்றுக்கும் காது கொடுத்ததில்லை. இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் சிரித்திருப்பேன்.

தக்கலைக்கு மோட்டார் பஸ் வரத் தொடங்கியிருந்த காலம் அது. எனக்கு நாற்பத்தாறு வயது. இரண்டு பெண்மக்களையும் குளச்சலில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, வீட்டில் நானும் வீட்டுக்காரரும் மட்டும்தான். அவருக்குச் சந்தையில் கருப்பட்டி வியாபாரம். அந்த வயதில் பெண்களுக்கு நிற்க வேண்டியது எனக்கு நிற்கவில்லை, அதுதான் விஷயம். முதலில் மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு, பிறகு முக்கால்வாசி நாள். விடியுமுன் கிணற்றடியில் துணிகளை அலசி, விறகுப்புரைக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் காயப்போடுவேன். உதிரம் இருந்தால் தொழக் கூடாது, நான் தொழாமல் இருப்பது அவருக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று பாயை விரித்து, அவர் பார்க்க மடித்து வைப்பேன். இதற்கெல்லாம் அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும்.

படியேறினால் மூச்சு வாங்கும், கண் இருட்டும். கேட்டவர்களிடமெல்லாம் முட்டுவலி, வாயு என்று சொல்லி வைத்தேன். அவரும் நம்பி, காயத்திருமேனி எண்ணெய் வாங்கி வந்து கொடுப்பார், நானும் முழங்காலில் தேய்த்துக்கொள்வேன். வலிக்காத முழங்காலில்.

ஏன் மறைத்தாய் என்று கேட்பீர்கள். வெட்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், என் உம்மாவின் தங்கைக்கும் இதே வயதில் இதே சீக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், வயிற்றைக் கீறினார்கள், மூன்றாம் நாள் வண்டியில் மூடித்தான் கொண்டுவந்தார்கள். அந்த வண்டி வந்து நின்றபோது நான் வாசலில் நின்றேன்.

ஒருநாள் கிணற்றடியில் மயங்கி விழுந்துவிட்டேன். அதற்குமேல் அவர் என் பேச்சைக் கேட்கவில்லை, ஆசானை அழைத்து வருவதென்று முடிவு செய்துவிட்டார். எங்கள் பக்கத்தில் நாட்டு வைத்தியரை ஆசான் என்றுதான் சொல்வோம். இவர் நாடி பிடித்தால் தப்பாது என்று பெயர். உள்ளறை வாசலில் எப்போதும் ஒரு திரை தொங்கும். நான் திரைக்கு உள்ளே இருந்து இடது கையை மட்டும் நீட்டினால் போதும், முகம் காட்ட வேண்டாம், பேசவும் வேண்டாம் என்றார் வீட்டுக்காரர்.

சரி என்று தலையாட்டினேன். ஆனால் எனக்குப் பயம். நாடி காட்டிக்கொடுத்துவிடும், ஆஸ்பத்திரி என்று சொல்லிவிடுவார்கள். மறுநாள் மதியம் ளுஹர் தொழுகை முடிந்து அவர் ஆசானைக் கூட்டிவரப் போன உடனே, நான் அடுக்களை வழியாகப் பின்வாசலைத் திறந்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். அது என் அண்ணன் வீடு. அண்ணன் மனைவி ஆமினா மச்சி புளி அரிந்துகொண்டிருந்தாள். ஒரு அரிவாள்மணையை இழுத்துப் போட்டு நானும் உட்கார்ந்தேன். ஆள் இல்லையென்றால் ஆசான் திரும்பிப் போய்விடுவார், வீட்டுக்காரர் கோபப்படுவார், பட்டுவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைப்பு. நான் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. மச்சி எந்தப் பள்ளிவாசலிலும் சத்தியம் செய்வாள்.

சாயங்காலம் அஸர் பாங்கு சொன்ன பிறகு கையெல்லாம் புளியோடு வீட்டுக்கு வந்தேன். அவர் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. திட்டுவார் என்று பார்த்தால், மெல்லிய குரலில், "எட்டு மாசமாட்டு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே பாத்துமுத்து" என்றார்.

எட்டு மாதம் என்பது என்னையும் படைத்தவனையும் தவிர யாருக்கும் தெரியாது. உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

"நீதானே சொன்ன. கையக் காட்டிட்டு இப்ப என்ன கேள்வி?"

நடந்தது இதுதான் என்று அவர் சொன்னார். ஆசானை உட்காரவைத்துவிட்டு, திரைக்கு இந்தப் பக்கம் நின்று கையைக் காட்டு என்றிருக்கிறார். இடது கை வெளியே நீண்டது. ஆசான் மூன்று விரல் வைத்து வெகுநேரம் பிடித்தார். பிறகு தலை குனிந்தபடியே, உதிரம் போகிறதா உம்மா, எத்தனை மாதமாக என்று கேட்டார். உள்ளேயிருந்து குரல் வரவில்லை. அந்தக் கை ஐந்து விரலையும் விரித்தது. மூடியது. பிறகு மூன்று விரலை விரித்தது. அப்புறம் உள்ளே போய்விட்டது. ஆசான் அவரை முற்றத்துக்கு அழைத்துப்போய், இது தன் மருந்துக்கு அடங்காது, கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, நாள் கடத்தாமல் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டு, வெற்றிலைகூட வாங்காமல் போயிருக்கிறார்.

நான் மச்சி வீட்டில் இருந்தேன் என்றேன். அவர் நம்பவில்லை, இன்னும் பொய் சொல்கிறாயா என்று அப்போதுதான் கோபம் வந்தது. விறுவிறுவென்று அடுத்த வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. உள்ளறைக்குள் போய் நின்றார். கட்டில், பெட்டி, அடுக்களைக்குப் போகும் கதவு, அவ்வளவுதான். யாராவது உட்கார்ந்திருந்த சூடு இருக்கிறதா என்பதுபோல் திரைக்குப் பக்கத்தில் தரையைத் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் காலையில் ஆசானை மறுபடி அழைத்தார். விஷயத்தைச் சொன்னதும் ஆசான் வர மறுத்திருக்கிறார், பிறகு என்ன நினைத்தாரோ வந்தார். இந்த முறை நான்தான் திரைக்குப் பின்னால் இருந்தேன், இதில் சந்தேகமே வேண்டாம். கையை நீட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் தொடவில்லை. அப்புறம் விரல்கள் வந்து படிந்தன.

"மொதலாளி, நேத்து நான் பிடிச்சது இந்த நாடியைத்தான். அதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க," என்றார் ஆசான்.

அன்றைக்கே மாட்டுவண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி நெடுக உம்மாவின் தங்கை நினைவுதான், வண்டியின் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டே வந்தேன். அங்கே வெள்ளைக்கார மதாம்மா ஒருத்தி பெண்களுக்கு வைத்தியம் பார்ப்பாள். அவள்தான் கீறி எடுத்தாள். தென்னங்குரும்பை அளவுக்குக் கட்டி இருந்ததாம். இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் உடம்பில் ரத்தம் இருந்திருக்காது என்றாளாம். ஒரு மாதம் படுத்திருந்தேன். பிறகு என் காலால் நடந்து வீட்டுக்குள் வந்தேன்.

அதோடு முடிந்தது என்றுதான் நாங்கள் இருந்தோம். அந்தப் பேச்சையே அவர் எடுக்கமாட்டார். ஆசானும் இரண்டு வருஷத்தில் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார்.

போன வருஷம், கஞ்சி வடிக்கும்போது பானை சரிந்து கொதிகஞ்சி இடது மணிக்கட்டில் கொட்டிவிட்டது. தோல் உரிந்து ஆறியபோது சின்ன வெற்றிலை மாதிரி வெளுப்பாக ஒரு வடு விழுந்தது. கட்டு அவிழ்த்த அன்று அவருக்குச் சோறு பரிமாறினேன். என் கையைப் பார்த்தவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். கறி சரியில்லையா என்று கேட்டேன். கையைக் கழுவிவிட்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"அன்னைக்கி அந்தக் கையில இது இருந்துது," என்றார்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"மாவு ஒட்டியிருக்குன்னுதான் அப்ப நெனச்சேன். பொறவு, ஒனக்கு இல்லாத வடுவ நான் எப்படிச் சொல்லுவேன்?"

அவ்வளவுதான் பேசினோம். திரையைக் கழற்றிவிட்டுக் கதவு போட்டுவிடலாம் என்று அவர் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டார், நான்தான் விடவில்லை. ளுஹர் முடிந்து வீடு அடங்கிக் கிடக்கிற நேரத்தில் உள்ளறையில் தனியாக உட்கார்ந்திருப்பேன். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ வந்து உட்காருகிற மாதிரி இருக்கும். கையைக் காட்டு என்று ஒரு குரல் கேட்டுவிடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு, கேட்கும்போது ஐந்தும் மூன்றும் விரல் காட்ட நான் இங்கே இல்லாமல் போய்விடக் கூடாதே என்று, அஸர் பாங்கு சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டேன்.