பவானேஸ்வரியின் படிகம்

திலகாவின் மகள் தாரணி முனைவர் பட்டத்துக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து பவானேஸ்வரிக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. மூன்று வருஷமாக எரிகிறது.

மலாக்காவை அடுத்த டுரியான் துங்கால் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேதியியல் ஆய்வுக்கூட உதவியாளர் அவள். குடுவை கழுவுவது, எடை போட்டு வைப்பது, கழிவுப் புட்டி நிறைந்தால் மாற்றுவது என்று பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிய ராமையாவின் மூத்த மகள். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் வேதியியலில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பக்கத்து மேசைக்காரி திலகா இவள் நோட்டைப் பார்த்து எழுதித்தான் தேறினாள். தேர்வு முடிவு வந்த மாதம் அப்பா விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். இவள் மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனாள், திலகா கல்லூரிக்குப் போனாள். அதையாவது மறந்திருப்பாள். இப்போது அதே ஆய்வுக்கூடத்தில் அந்தத் திலகாவின் மகள் குடித்து வைத்த காப்பிக் கோப்பை வரைக்கும் இவள் எடுத்து வைக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் பொறுக்கவில்லை.

போதாக்குறைக்குக் கோயிலில் பார்க்கும்போதெல்லாம் திலகா ஆரம்பித்துவிடுவாள். “என் மக கேன்சருக்கு மருந்து கண்டுபுடிக்கிறா லா, பவானி.”

கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபமில்லை என்பது பவானேஸ்வரிக்குத் தெரியும். ருத்தேனியம் ஓர் உலோகம். கந்தகம் உள்ள தையோயூரியாவை அதோடு பிணைத்தால் செங்கல் நிறத்தில் ஒரு பொடி கிடைக்கிறது. தையோயூரியாவைத் தனியாகப் போட்டபோது கண்ணாடித் தட்டிலிருந்த புற்றுச் செல்கள் அசையவே இல்லை. உலோகத்தோடு பிணைத்துப் போட்டபோது பாதிக்கு மேல் செத்தன. தட்டில் செத்தது மனிதனுக்கு மருந்தாக இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும், ஆகாமலும் போகும். அதற்கு முன்னால், அந்தச் சேர்மத்தின் அமைப்பு இன்னதுதான் என்று காட்ட நல்ல படிகம் ஒன்று வேண்டும். படிகத்தின் அமைப்பைப் படமெடுக்கும் எக்ஸ்ரே எந்திரம் வேறு ஊரில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை காலை அங்கே கார் போகிறது. அதை விட்டால் அடுத்த வாய்ப்பு நான்கு மாதம் கழித்துத்தான். தாரணியின் உதவித்தொகையோ இரண்டு மாதத்தில் முடிகிறது.

தாரணிக்குப் படிகம் வரவே இல்லை. ஒவ்வொரு முறையும் புட்டியின் அடியில் பொடிதான் தங்கியது.

ஏன் என்று பவானேஸ்வரிக்குத் தெரியும். தாரணி ஐஸ்பெட்டியின் தலையில் சின்னப் பிள்ளையார் ஒருவரை உட்கார வைத்து, அவர் காலடியில் புட்டிகளை வரிசையாக வைத்திருந்தாள். பக்தி நல்லதுதான். ஆனால் உள்ளே மோட்டார் ஓடத் தொடங்கும்போதெல்லாம், அரைமணிக்கொரு தரம், ஐஸ்பெட்டி உதறிக்கொள்ளும். பிள்ளையாரே ஆடுவார். படிகத்துக்கு வேண்டியது அசையாத இடம். அதோடு, அம்மாவுக்குப் படம் அனுப்ப வேண்டுமென்று தாரணி தினமும் புட்டியைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்ப்பாள். பவானேஸ்வரி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்கட்டுமே என்று இருந்தாள். தாரணி கேட்கவில்லை.

கேட்காததோடு விட்டிருக்கலாம். பவானேஸ்வரியால் விட முடியவில்லை. கழுவ வந்த குடுவையின் ஓரத்தில் ஒட்டியிருந்த சிவப்பைக் கொஞ்சம் கரைப்பானில் கரைத்து, வடிகட்டி, சின்னப் புட்டியில் ஊற்றினாள். புட்டியின் வாயைத் தாளால் மூடி, கரைப்பான் மெல்ல ஆவியாக மேலே ஊசியால் நான்கு துளை போட்டாள். சாமான் அறையில், பழைய தராசு நின்ற சிமெண்டு மேடையில், அட்டைப்பெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு அந்தப் பக்கமே போகாமல் இருந்தாள். பன்னிரண்டாம் நாள் எட்டிப் பார்த்தாள். மாதுளை முத்துப் போல மூன்று படிகங்கள், முனை மழுங்காமல் கிடந்தன.

அன்று கழுவிய குடுவைகளையே அவள் திரும்பவும் கழுவினாள். அவ்வளவு சந்தோஷம். தாரணிக்கு வராதது தனக்கு வந்த சந்தோஷம் அது என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

வியாழன் மதியம் தாரணி கடைசிப் புட்டியையும் பார்த்துவிட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். ஒலிபெருக்கியில் அம்மாவோடு பேசியது கழுவுதொட்டி வரை கேட்டது.

“பவானி ஆண்ட்டிகிட்ட கேட்டுப் பாக்கட்டுமா, மா?”

“அவகிட்டயா? அவ பாவம், கழுவுற வேல பாக்குறவ. அவளுக்கு என்னா தெரியும்? நீ ஒன் ஆய்வ பாக்குற டாக்டர போய்ப் பாரு.”

அந்தப் ‘பாவம்’ பவானேஸ்வரிக்குச் சுருக்கென்று தைத்தது. கையைத் துடைத்துக்கொண்டு சாமான் அறைக்குள் போனாள். புட்டியை எடுத்தாள். கழிவுப் புட்டியின் மூடியைத் திறந்தாள். கொட்டிவிட்டால் திலகாவின் மகள் நான்கு மாதம் காத்துக் கிடப்பாள், உதவித்தொகையும் போய்விடும். ஒரு சாய்ப்பில் எல்லாம் முடிந்துவிடும்.

ஆனால் கொட்டிவிட்டால் இதை வளர்த்தது யாரென்று ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும். அதை அவளால் தாங்க முடியவில்லை. மூடியைத் திருகி மூடினாள்.

புட்டியைத் தாரணியின் முன்னால் வைத்தாள். “நான் வளத்தது. கழுவ வந்த ஒன் குடுவையிலேர்ந்து எடுத்தேன்.”

தாரணி நுண்ணோக்கியில் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். “எப்படி ஆண்ட்டி?”

“ஐஸ்பெட்டி ஆடும் லா. வந்த நாளா ஆடுது.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“நீ கேக்கல. எனக்கும் சொல்லப் புடிக்கல.”

தாரணிக்கு முகம் சுருங்கியது. தாழ்ந்த குரலில், “டாக்டர்கிட்ட நான் வளத்ததுன்னு சொல்லிக்கவா?” என்றாள்.

“முடியாது. எம்பேரச் சொல்லு. ஆய்வுத்தாள்ல போடுறது அப்புறம் பேசலாம். மொதல்ல ஒங்கம்மாவுக்குப் படம் அனுப்பு. பவானி வளத்ததுன்னு எழுதி அனுப்பு.”

தாரணி எழுதினாள். பவானேஸ்வரி தோளுக்கு மேலாக எட்டி நின்று பார்த்தாள். படம் போனது. திலகா பார்த்துவிட்டாள் என்று இரண்டு குறியும் நீலமாயின.

பதில் வரவில்லை. தினமும் பத்து இதயமும் கும்பிட்ட கையும் அனுப்புகிற திலகாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஐந்து மணி பஸ் போய்விட்டது. பவானேஸ்வரி இன்னும் அங்கேயே நின்றாள். மலாக்காவில் தன் வீட்டு சோபாவில் திலகா இப்போது எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று அவளுக்குத் தெரியும். மூன்று வருஷமாகத் தினம் சாயங்காலம் இவளும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.