தொட்டியில் பூசிய நீலம்

பெரியப்பாவின் வலது பெருவிரல் நகத்தில் ஒட்டியிருந்த நீலத் தீற்றல் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. திருவிழாவுக்கு முதல்நாள், தேவாலயச் சாவியைக் கையில் ஆட்டிக்கொண்டு வந்து, "பிள்ளை, ஓடி வந்து பார், ஞானஸ்நானத் தொட்டி இப்ப எப்பிடி மினுங்குது எண்டு!" என்று என்னை இழுத்துப் போனார். நான் கலியாணம் முடித்த புதிது. "உன்ர பிள்ளையை இந்தத் தொட்டியடிக்கு நான்தான் தூக்கிக்கொண்டு வருவன்" என்றும் சொன்னார்.

புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில், வென்ட்வேர்த்வில்லுக்கு அருகில், நாங்கள் தமிழ்ப் பூசைக்குப் போகும் தேவாலயம் அது. ஆங்கிலேயக் குடியேறிகள் தங்கள் ஊர்க் கோயிலைப் பார்த்து அப்படியே கட்டியது. சதுரக் கோபுரம், கூர்மாட வளைவுகள், தடித்த மணற்கல் சுவர். தொட்டி மட்டும் அசல். பல நூற்றாண்டுகளுக்கு முன் இங்கிலாந்துக் கிராமமொன்றில் செதுக்கப்பட்டு, பின்னாளில் கப்பலில் வந்தது. சுற்றிவர எட்டுப் பட்டை, பட்டைக்கொரு கல் ரோசா. எங்கள் கண்ணுக்கோ அது கவனிப்பாரற்றுக் கிடந்த பழைய கல். எங்கள் ஊரான மன்னாரில் கோயிலுக்கு வர்ணம் பூசாமல் திருவிழாக் கொடி ஏறாது. குடும்பத்துக்கொரு பங்கு உண்டு. எங்கள் பங்கு தொட்டி. அந்த முறையைப் பெரியப்பா விமானம் ஏறும்போது விட்டுவிட்டு வரவில்லை. கூட்டித் துடைக்கத் தந்த சாவியை வைத்துக்கொண்டு, மாதாவின் அங்கி நீலத்தில் இனாமல் வர்ணம் அடித்து, ரோசாக்களுக்குத் தங்க வர்ணமும் தீட்டிவிட்டார். உண்மையைச் சொன்னால், எனக்கு அது வடிவாகத்தான் இருந்தது.

மறுநாள் பங்குத் தந்தை தொட்டியைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், பூசைக்கு ஆயத்தமாகப் போய்விட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்போம். கார் தரிப்பிடத்தில் எங்கள் சனம்தான், "வெள்ளையளுக்கு முன்னால மானத்தை வாங்கிப்போட்டார்" என்று முணுமுணுத்தது. எனக்கு முகம் கூசியது. பெரியப்பாவுக்கு அருகில் நின்றும் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் நீலம் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியது. பழைய கற்களைச் செப்பனிடும் ஒரு பெண்மணியை வரவழைத்தார்கள். கல் ஈரத்தை இழுத்து வெளியே விட வேண்டும், இனாமல் அதை அடைத்துவிட்டதால் உள்ளே பொடிந்துவிட்டது என்று அவர் விளக்கினார். நான் தமிழில் சொல்லச் சொல்லப் பெரியப்பா தலையாட்டிக் கேட்டார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ரோசா நீலத் தோலோடு கழன்று அந்தப் பெண்மணியின் உள்ளங்கையில் விழுந்தது.

"திருப்பி ஒட்டேலாதோ எண்டு கேள், பிள்ளை."

கேட்டேன். முடியாதென்று அந்தப் பெண்மணி தலையசைத்தார். அன்றிலிருந்து பெரியப்பா வாசல் மண்டபத்தில் நின்றே பூசை காண்கிறார்.

வேலை முடியும் தறுவாயில், மிஞ்சிய ரோசாக்களின் இதழ் இடுக்கில் செம்மண் நிறச் சாயம் தெரிந்தது. அதைச் செதுக்கிய காலத்துக் கிராமத்தவர்களே பூசியது என்றார் அந்தப் பெண்மணி. இந்த வெறுங்கல் கோயில்களெல்லாம் ஒருகாலத்தில் உள்ளே வண்ணமயமாக இருந்தனவாம். நான் செவன் ஹில்ஸிலுள்ள பெரியப்பா வீட்டுக்கு ஓடினேன். "பாருங்கோ, அவையளும் எங்களைப்போலத்தான்!"

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "ஓம் பிள்ளை. அவையள் பூசினதைக் கல்லு இவ்வளவு காலம் தாங்கியிருக்கு. நான் பூசினதைத்தானே தாங்கேல்லை."

ஆறுதல் சொல்லப் போன நான் வெட்கத்தோடு திரும்பினேன்.

போன மாதம் என் மகனுக்கு ஞானஸ்நானம். பெரியப்பா பிள்ளையை வாசல்வரை தூக்கி வந்தார். உள்ளே தொட்டி சுத்தமான சாம்பல் நிறக் கல்லாக, ஒரு பட்டையில் ரோசா இல்லாமல் நின்றது. "வாங்கோ பெரியப்பா, நீங்கள்தான் கொண்டுவர வேணும்" என்றேன். "நீ கொண்டு போ" என்று பிள்ளையை நீட்டினார். வாங்கும்போதுதான் கண்டேன். வலது பெருவிரலை மற்ற விரல்களுக்குள் மடித்து ஒளித்து வைத்திருந்தார். அந்த நகத்திலிருந்து நீலம் போய் எவ்வளவோ காலம்.