ஏழு குழி ஈயம்

ஈயம் உருகும்போது அதன் மேல் ஓர் ஆடை படரும். பாலில் படர்வதைப் போலத்தான், ஆனால் சாம்பல் நிறத்தில். குச்சியால் ஒதுக்கினால் சுருங்கி, ஒதுங்கிய இடத்தில் கண்ணாடி போல ஒரு பளபளப்பைக் காட்டி, அடுத்த நொடியே அதையும் மூடிக்கொள்ளும். அந்த ஒரு நொடிக் கண்ணாடியில் நான் என் முகத்தைப் பலமுறை பார்க்க முயன்று மூக்கை மட்டுமே பார்த்திருக்கிறேன். அதற்கு ஈயத்தைக் குறை சொல்ல முடியாது. மூக்கு அப்படி.

அப்போது எனக்குப் பதினோரு வயது. கரோல் பாக்கில், மூன்றாம் மாடியில், மொட்டை மாடியோடு சேர்ந்த ஒற்றை அறையில் குடியிருந்தோம். தில்லியில் அதற்கு "பர்சாத்தி" என்று பெயர். மழைக்கால மாளிகை போல ஒலிக்கும். மழைக்காலத்தில் பாத்திரங்களை எங்கெங்கே வைப்பது என்று தெரிந்த குடும்பங்கள் மட்டுமே அதில் வாழ முடியும். மாடியின் மூலையில் ஒரு பழைய மண்ணெண்ணெய் அடுப்பு. அதன் மேல்தான் எங்கள் ஈயம் உருகியது.

என் அப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். அம்பாசமுத்திரத்துக்காரர், ஆற்றங்கரையில் வளர்ந்தவர். வீட்டில் அவர் வாயிலிருந்து வருபவை நான்கே: "ம்", "சரி", "நாளைக்கு", "என் கண்ணாடிய எங்க". இந்த நான்கையும் வைத்துக்கொண்டு அவர் ஒரு வாரத்தையே ஓட்டிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலை என்னையும் தூண்டில் கழியையும் கூட்டிக்கொண்டு வஜீராபாத் பக்கம் யமுனைக் கரைக்கு வந்துவிட்டாலோ, அவர் வேறு ஆள். நூலைத் தண்ணீரில் எறிந்த கையோடு பேச ஆரம்பிப்பார். எட்டாம் வகுப்பில் தோற்றது, அதை மறைக்க மாமா வீட்டில் ஒளிந்தது, அலுவலகத்தில் மேலதிகாரி தும்முவதற்கு முன்னால் கைக்குட்டையைத் தேடித் தேடித் தோற்கிற விதம் எல்லாவற்றையும் நடித்தே காட்டுவார். நான் சிரித்து விழுந்து இருமுறை கரையிலிருந்து சறுக்கியிருக்கிறேன். தண்ணீரைப் பார்த்தால் மட்டும் திறக்கிற வாய் அது.

மீன்தான் சிக்குவதில்லை. ஆற்றின் இழுப்பு அப்படி. எறிந்த நூலை அது நகர்த்தி நகர்த்திக் கீழேயுள்ள செங்கல்லிலோ யாரோ கரைத்த சாமி சிலையின் கம்பியிலோ மாட்டி அறுத்துவிடும். "யமுனாஜிக்குக் காணிக்கை" என்பார் அப்பா. நூல் அமிழ்வதற்காக அதன் நுனியில் கட்டுகிற ஈயக்குண்டு ஒவ்வொரு வாரமும் நான்கைந்து காணிக்கை. ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் புதிதாக வார்க்க வேண்டியிருந்தது. கரோல் பாக்கில் மோட்டார் சாமான் கடைகள் வரிசையாக உண்டு. சக்கரத்தைச் சமன் செய்ய ஓரத்தில் அடிக்கிற ஈயத் துண்டுகளைப் பழசானதும் கழற்றி ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருப்பார் ஒரு மெக்கானிக். கேட்டால் அள்ளிக் கொடுப்பார். கொடுக்கும்போதெல்லாம் ஒன்றே சொல்வார்: "ஓய் மதராசி, ஹாத் தோ லேனா. ஜஹர் ஹை. பேட் மே கயா தோ திமாக் கயா." விஷம், வயிற்றுக்குள் போனால் மூளை போய்விடும், கையைக் கழுவிக்கொள் என்று அர்த்தம். நான் கையைக் கழுவினேன்.

உருக்குவதற்கு அப்பா முதலில் எடுத்தது அம்மாவின் தாளிப்புக் கரண்டியை. அடுப்படிக்கு அது திரும்பவேயில்லை. அன்று அம்மா எங்கள் இருவரையும் மாடியில் நிறுத்தி வைத்துச் சொன்னாள்: "இன்னொரு சமையல் சாமான் மேல ஈயம் பட்டுச்சு, தூண்டிலும் கெடையாது, ஞாயித்துக்கெழமையும் கெடையாது. அப்பனுக்கும் மவனுக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்." அப்பா "சரி" என்றார். அவருடைய நான்கில் அது இரண்டாவது.

ஈயக்குண்டு ஒன்றுதான் கருவி என்று நினைத்துவிடாதீர்கள். "சோத்து டப்பா" என்று ஒன்றும் உண்டு. ஸ்டூடியோக்காரர் எறிகிற பிலிம் சுருள் டப்பாவில் பழுக்கக் காய்ச்சிய ஸ்வெட்டர் ஊசியால் ஓட்டைகள் போட்டு, உள்ளே கோதுமை மாவும் கடலை மாவும் வெல்லமும் பெருங்காயமும் பிசைந்து அடைத்து, குண்டுக்கு மேலே கட்டிவிடுவோம். தண்ணீருக்குள் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மீனைக் கூப்பிட வேண்டும் என்பது திட்டம். "மனுசனுக்கே ரசத்துல போடப் பெருங்காயம் இல்ல, டெல்லி மீனுக்கு வாசம் கேக்குதோ" என்பாள் அம்மா. எங்கள் டப்பா ஒரே இடத்தில் நின்றிருந்தால் மீனும் வந்திருக்கும். குண்டு உருள, டப்பாவும் கூடவே உருள, யமுனை நெடுகிலும் அன்னதானம் செய்துகொண்டு போனோமே தவிர, விருந்தாளி யாரையும் பார்க்கவில்லை.

ஈர மணலில் குழி பறித்து வார்த்ததால் எங்கள் குண்டுகள் உருண்டையாக வந்தன. உருண்டை உருளத்தானே செய்யும். இதை நான் கண்டுபிடித்த சனிக்கிழமைதான் என் வாழ்க்கையில் மூளை வேலை செய்த கடைசி நாள் என்று வீட்டில் ஒரு கருத்து உண்டு. ஒரு பக்கம் தட்டையாக இருந்தால் மண்ணில் உட்காரும். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் குழிவு. அப்படி ஓர் அச்சு எங்கே கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டே நிமிர்ந்தேன். பரணில் பணியாரச் சட்டி.

ஊரிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு அம்மா கொண்டுவந்த இரும்புச் சட்டி அது. ஏழு குழி. தீபாவளிக்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. அம்மாவும், அப்போது எங்களோடு தங்கியிருந்த சித்தியும் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். அப்பா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். நான் ஈயத்தை உருக்கி, ஏழு குழியிலும் ஊற்றி, இறுகுவதற்குள் ஒவ்வொன்றிலும் அம்மாவின் கொண்டை ஊசியை வளைத்துச் செருகினேன். எண்ணெய் குடித்துப் பழகிய சட்டி. கம்பியால் ஒரு நெம்பு நெம்பியதும் ஏழும் பணியாரம் போலவே புரண்டு வந்தன. அத்தனை அழகான பொருளை அதற்கு முன்னும் பின்னும் நான் செய்ததில்லை. சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பரணில் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டேன்.

மறுநாள் ஆற்றில் குண்டு நின்றது. எறிந்த இடத்தில், சோற்று டப்பாவோடு, பந்தியில் இடம் பிடித்தவனைப் போல அசையாமல் நின்றது. ஒரு மணி நேரம் கழித்துக் கழி வளைந்தது. முழங்கை நீளத்துக்கு ஒரு ரோகு. அப்பா அதைக் கரையில் போட்டுவிட்டு, மீனைப் பார்க்காமல் குண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏல, இத நீயா வார்த்தே?"

"ஆமாப்பா."

"எந்த அச்சுல?"

"மெக்கானிக் ஒரு பழைய கிண்ணி குடுத்தாருப்பா."

"ஆத்துல பொறந்தவனுக்கே தோணல. கெட்டிக்காரன்லே நீ" என்று என் பிடரியில் தட்டினார். பள்ளிக்கூடத்தில் என்னைக் கெட்டிக்காரன் என்று சொன்னவர் யாருமில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவர்களுக்கு வரவில்லை. அன்று அவர் பஸ்ஸில் திரும்பும்போதுகூடப் பேசிக்கொண்டே வந்தார். தண்ணீரே இல்லாத இடத்தில் அப்பா பேசி நான் பார்த்தது அன்றுதான்.

அம்மாவின் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்தப்பா விமானப்படையில், எல்லைப்புறத்துக்கு மாற்றலாகிப் போனதால் ஆறு மாதக் கர்ப்பிணியான சித்தியை எங்களிடம் விட்டிருந்தார். சித்திக்கு எதைப் பார்த்தாலும் குமட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் முதல்முறையாக ஆசைப்பட்டு ஒன்று கேட்டாள். "யக்கா, குழிப் பணியாரம் தின்னணும்போல இருக்கு."

அம்மா அன்றைக்கே மாவு ஆட்டினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் நான் செய்தவற்றை வரிசையாகச் சொன்னால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. சட்டியை எடுத்து மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்தேன். துணி உலர்த்தப் போன அம்மா எடுத்துவந்தாள். வயிற்று வலி என்றேன். ஓமத் தண்ணீர் கிடைத்தது. மாவுப் பாத்திரத்தைத் தட்டிவிட்டேன். அம்மா பாதி மாவை ஏற்கெனவே வேறு பாத்திரத்தில் எடுத்து வைத்திருந்தாள். "உனக்கு என்னல இன்னைக்கு, சனியன் சடை போட்டுருக்கா" என்றாள். சொல்லிவிடலாம். சொன்னால் தூண்டில் போகும், ஞாயிற்றுக்கிழமை போகும், அப்பா நான்கு சொற்களுக்குத் திரும்பிவிடுவார். கெட்டிக்காரன் என்பதும் போய்விடும்.

முதல் ஈட்டில் ஏழு வெந்து தட்டுக்கு வந்தன. சித்தி கையை நீட்டினாள். நான் தட்டை இழுத்து, ஒன்றை வாயில் போட்டேன். அதை விழுங்குவதற்குள் இன்னொன்று. ஏழையும் தின்றேன். வாய் வெந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது.

"பிள்ளத்தாச்சிக்குச் சுட்டதைப் பிடுங்கித் திங்கியே, நீயெல்லாம் மனுசனால" என்றாள் அம்மா.

"விடுக்கா, பிள்ள பசியில திங்கான். எனக்கு அடுத்த ஈடு" என்று சிரித்தாள் சித்தி.

அடுத்த ஈட்டிலும் பாய்ந்தேன். நான்காவதில் தொண்டை அடைத்துவிட்டது. மூன்று மிச்சம். சித்தி ஒன்றை எடுத்து ஊதினாள். சட்டியில் மூன்றாம் ஈடு வெந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பாத்திரம் நிறைய மாவு. அவ்வளவையும் தின்ன என்னிடம் வயிறு இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. சித்தியின் கையைத் தட்டிவிட்டேன். பணியாரம் உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது.

"திங்காதீங்க சித்தி. அந்தச் சட்டியில நான் ஈயம் ஊத்துனேன்."

அம்மா அடுப்பை அணைத்தாள். வேறொன்றும் செய்யவில்லை, அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சித்தி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். வாசலில் நின்றிருந்த அப்பா உள்ளே வந்து, "நீ எத்தன தின்னே?" என்று கேட்டார்.

"பதினொண்ணு."

தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு மூன்று மாடி இறங்கினார். நான் தூக்குகிற வயதைத் தாண்டியவன், பதினொரு பணியாரம் வேறு. டாக்டர் கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், தேய்த்துக் கழுவிய சட்டி என்பதால் பயமில்லை என்றார். ஈயத்தைக் குழந்தைகள் பக்கம் விடாதீர்கள் என்று அப்பாவைக் கொஞ்சம் கடிந்தும் அனுப்பினார். சித்திக்கு மாசியில் பெண் பிறந்தது. இன்று அவள் தில்லியின் துவாரகாப் பகுதியில் எங்களுக்கு இரண்டு கட்டடம் தள்ளி இருக்கிறாள், விமான நிலையத்தில் பெரிய வேலை. எங்கள் குடும்பத்தில் கணக்கு வருவது அவளுக்கு மட்டும்தான். என் கணக்கு மதிப்பெண்களுக்கு அந்தப் பதினொன்றைக் காரணம் காட்ட நானும் எவ்வளவோ பார்த்தேன். முந்தைய வருட மதிப்பெண்களைக் காட்டி அம்மா அதை உடைத்துவிட்டாள்.

மறுநாள் அப்பா கழி, நூல், முள், மிச்சமிருந்த ஆறு குண்டு, கரண்டி, சட்டி எல்லாவற்றையும் சாக்கில் கட்டி என்னோடு ஆற்றுக்கு வந்தார். கரையில் நின்ற படகுக்காரரிடம் கொடுத்தார். படகுக்காரர் ஏழு குழியையும் விரலால் தொட்டு எண்ணிவிட்டு, சட்டியின் காதில் கயிறு கட்டி நங்கூரமாகப் போட்டுக்கொண்டார். அன்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றும் அப்பா பேசவில்லை. திரும்புகிற பஸ்ஸில், நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, "சொன்னது நல்லதுல" என்றார்.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லை. அந்த நாளில் அப்பா செய்தித்தாள் படித்தார், கொத்தமல்லி வாங்கி வந்தார், கண்ணாடியைத் தேடினார். செய்தது சரி என்று அன்றே தெரியும். இன்னும் மூன்றைத் தின்றிருக்கலாமே என்று சில ராத்திரிகளில் தோன்றுவதையும் மறைக்கப் போவதில்லை.

ஓய்வுபெற்று அவர் எங்களோடு துவாரகாவுக்கு வந்து பல வருடங்களான பின், ஒரு கல்யாணத்துக்காக இருவரும் மெட்ரோவில் ஊரின் கிழக்குப் பக்கம் போனோம். ரயில் யமுனைப் பாலத்தில் ஏறியது. கீழே கறுப்பாக, நுரை கட்டி, நகருகிறதா இல்லையா என்று தெரியாமல் கிடந்தது ஆறு. அப்பா கண்ணாடிக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். "ஏல, இழுப்பே இல்லயே. இப்பம் ஒரு புளியங்கொட்டையக் கட்டிப் போட்டாக்கூட நிக்கும். அந்தக் காலத்துல இதே தண்ணி என்ன பாடு படுத்துச்சு. உங்க தாத்தா ஒருக்க கல்லிடைக்குறிச்சிப் பாலத்துல..." அக்கரை வந்தது. தண்ணீர் முடிந்ததும் பேச்சும் முடிந்தது. தாத்தா அந்தப் பாலத்தில் என்ன செய்தார் என்று கேட்டேன். "ம்" என்றார்.

அன்றிலிருந்து எனக்குக் கிழக்கு தில்லியில் திடீர் திடீரென்று வேலைகள் முளைத்தன. யாருக்கோ மாத்திரை, யாருக்கோ பத்திரிகை, லட்சுமி நகரில் மட்டும் கிடைக்கிற ஏதோ ஒரு திருகாணி. "துணைக்கு வாங்கப்பா" என்பேன். பாலத்தைக் கடக்க ஒரு நிமிஷம்கூட ஆவதில்லை. அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் ஏறித் திரும்பினால் இன்னொரு நிமிஷம். தாத்தாவின் பாலக் கதையை முழுதாகக் கேட்டு முடிக்க எனக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. திருகாணி எதற்கு என்று அவர் ஒருமுறையும் கேட்கவில்லை.

அவர் போய் மூன்று வருடங்களாகின்றன. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எந்த வேலையும் இல்லாமல், நானாக அந்த ரயிலில் ஏறிப் போய்வந்தேன். அந்தப் பாலம் அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.