நாங்கள் வாசித்த ஒன்றரைப் பாட்டு

மேடையில் விடுகிற புகைக்கு ஒரு வாசனை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? இனிப்பாக இருக்கும், ஆனால் நாக்கில் வைக்கத் தோன்றாத இனிப்பு. போன வாரம் வேலூரில் நடந்த கோடை இசை விழாவுக்குத் தனியாகப் போயிருந்தேன். உள்ளூர் பேண்டுகள், உள்ளூர் டிஜேக்கள் என்று போஸ்டரில் போட்டிருந்தது. வெயில் இறங்கியும் தரைச் சூடு ஆறவில்லை. செருப்பைத் தாண்டி உள்ளங்காலில் ஏறியது. காட்பாடிப் பக்கத்து டிஜே ஒருவர் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு கையைத் தூக்கினார். கூட்டம் கையைத் தூக்கியது. நானும் தூக்கினேன். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பிள்ளைகள், "அண்ணா, ஒரு போட்டோ எடுத்துக் குடுங்கண்ணா" என்று போனை என்னிடம் நீட்டினார்கள். தனியாக வருகிறவனுக்கு இந்த வேலை எப்படியும் வந்து சேரும். நாலைந்து கூட்டத்துக்குப் படம் எடுத்துக் கொடுத்து முடித்தபோது காற்று மாறி அந்தப் புகை என் பக்கம் வந்தது. மூச்சை இழுத்தேன். அவ்வளவுதான், ஆம்பூரில் பசை நெடி அடிக்கிற ஒரு மாடி அறைக்குப் போய்விட்டேன்.

ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுகிற பசையை எங்கள் ஊரில் சொல்யூஷன் என்போம். அந்த அறைக்குக் கீழே சொல்யூஷன் டின்னும் லைனிங் துணியும் விற்கிற கடை இருந்தது. என் நண்பன் சமீருடைய தாய்மாமன் கடை. சமீர் அவரை மாமு என்பான், நாங்களும் மாமு என்றே கூப்பிட்டோம். மேலே சும்மா கிடந்த அறையில் எங்களைப் பாட்டுப் பழக விட்டிருந்தார். ஜன்னலைத் திறந்தால் பைபாஸ் சாலையில் லாரிச் சத்தம்; மூடினால் சொல்யூஷன் நெடி. நாங்கள் நெடியைத் தேர்ந்தெடுத்தோம். முடித்துவிட்டுப் படியிறங்கும்போது லேசாகத் தலை சுற்றும். அதை ரொம்ப நாள் இசை தருகிற மயக்கம் என்றே நம்பிக்கொண்டிருந்தோம்.

மூன்று பேர். சமீர் கீபோர்டு. ஜோயல் கிடாரும் பாட்டும்; சர்ச்சில் பாடி வளர்ந்தவன் என்பதால் காதல் பாட்டுக்கும் ஜெபத்துக்கு மூடுவது போலக் கண்ணை மூடிக்கொள்வான். நான் ரிதம் பேட், அதாவது குச்சியால் தட்டினால் தபேலா முதல் இடிச் சத்தம் வரை தருகிற அந்தக் கறுப்புப் பலகை. குழுவுக்கு 'பைபாஸ்' என்று பெயர் வைத்தோம். வேறு பெயர்களுக்குச் சண்டை வந்தது, இதற்கு மட்டும் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் டிரம் என்றால் டேனரியில் பதனிடத் தோலைப் போட்டுச் சுற்றுகிற பெரிய மரப் பீப்பாய். என் அப்பா அந்த டிரம்மில்தான் வேலை செய்தார். "எம் பையன் டிரம் வாசிக்கிறான்" என்று அம்மா பெருமையாகச் சொல்ல, பக்கத்து வீட்டு அக்கா, "எந்த டேனரிலக்கா? படிச்ச புள்ளைய ஏன் அங்க உட்டீங்க?" என்று பதறிப்போனார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று வீட்டில் நம்பினார்கள். கொஞ்ச நாள் நானும் நம்பினேன். அப்பா ஒரே ஒரு நாள் அறைக்கு வந்து, கதவோரம் நின்று கேட்டுவிட்டு, "சத்தம் நல்லா வருது" என்று சொல்லிப் போனார். எந்தச் சத்தம் என்று நான் கேட்கவில்லை.

மாமு போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. அறைக்கு நேர் எதிரே பள்ளிவாசல். "பாங்கு சொல்றப்ப மட்டும் ஒரு சத்தம் வரக் கூடாது. மத்த நேரம் ஊரைத் தூக்கி வெச்சாலும் நான் கேக்க மாட்டேன்" என்றார். நாங்கள் பழகுவது சாயங்காலம். சூரியன் இறங்குகிற நேரத்துப் பாங்கு நட்ட நடுவில் வந்து நிற்கும். முதலில் மணியைப் பார்த்துப் பார்த்து வாசித்தோம். பிறகு மணி பார்ப்பது நின்றுபோனது. ஒலிபெருக்கி கரகரக்கும் அந்த முதல் நொடியிலேயே மூன்று பேர் கையும் தானாக நின்றுவிடும். பல்லவியா, சரணமா, ஜோயல் வாயில் பாதிச் சொல்லா, கணக்கே கிடையாது. பாங்கு முடியும்வரை அப்படியே தலை குனிந்து நிற்போம். சமீர் தொழுகைக்கு இறங்குவான். ஜோயலும் நானும் டீ குடிப்போம். அவன் வந்ததும் விட்ட இடத்திலிருந்து, அதே பாதிச் சொல்லிலிருந்து, எடுப்போம். ஒன்று இரண்டு மூன்று சொல்லக்கூட வேண்டியதில்லை. நாங்கள் கற்றுக்கொண்ட வித்தைகளிலேயே பிசகாமல் வந்தது அது ஒன்றுதான்.

சில வருஷம் முன்னால், இதே வேலூர் விழாவில் எங்களுக்கு இடம் கிடைத்த கோடையில்தான் சமீரின் அண்ணன் ரஃபி பாய் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்தார். அங்கே ஒரு செருப்புக் கடையில் அவர் மேனேஜர். தம்பிக்கும் அதே கடையில் வேலை பேசி, விசாவும் டிக்கெட்டும் எடுத்து வந்திருந்தார். இரண்டு தங்கைகள் கல்யாணத்துக்கு நிற்கிற வீடு. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சமீர் போக மாட்டேன் என்று சொல்லவில்லை. "ஒரு தபா வந்து பாரு பாய்ஜான். நாலு பேர் நின்னு கேக்கறாங்கன்னு உனக்குத் தோணுச்சுன்னா என்னை இங்கயே விட்டுடு" என்று மட்டும் கேட்டான். ரஃபி பாய் யோசித்துவிட்டு, "பாக்கறேன்" என்றார்.

அந்த 'பாக்கறேன்' என்பதைப் பலப்படுத்த, படித்தவன் என்று என்னைத் தூதனுப்பினார்கள். நான் கண்ணாடி முன்னால் பழகிக்கொண்டு போனேன். "கலைக்கும் பிழைப்புக்கும் நடுவே ஒரு பாலம் உண்டு பாய்" என்று ஆரம்பித்து, பேச்சுப் போட்டி மாதிரி மூச்சு விடாமல் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். முடித்ததும் தண்ணீர் கொடுத்தார்.

"நல்லா பேசறேப்பா. கடையில கஸ்டமர்கிட்ட பேச இந்த மாதிரி ஆளுதான் வேணும். நீயும் வர்றியா?"

வெளியே காத்திருந்த சமீரிடம் இதைச் சொன்னபோது அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "உன்ன அனுப்பினா என்னைக் காப்பாத்துவேன்னு பாத்தா, நீயே விசா வாங்கினு வந்துடுவ போலக்கீதே, தோஸ்த்!"

விழாவில் எங்களுக்குக் கொடுத்திருந்தது வெயில் சாயாத நேரம். ஆறு பாட்டு தயாராக வைத்திருந்தோம். ஆனால் எங்களுக்கு முன்னால் வந்த குழுவுக்கு மைக் பேஜார் செய்தது. ஒயரை மாற்றினார்கள், மிக்சரை மாற்றினார்கள், கடைசியில் ஆளையே மாற்றினார்கள். நாங்கள் ஏறும்போது வானம் சிவந்துவிட்டது. மேடைக்கு இடது பக்கம், தர்பூசணி வண்டிக்கு அருகில், வெள்ளைச் சட்டையில் ரஃபி பாய் நிற்பது தெரிந்தது. கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

முதல் பாட்டு நன்றாகப் போனது. நம்புங்கள், நன்றாகவே போனது. முன்வரிசையில் சிலர் எழுந்து ஆடினார்கள். ரஃபி பாயின் கட்டிய கைகள் அவிழ்ந்தன. ஒரு கை இடுப்புக்கு வந்தது. அதைப் பார்த்து நான் கொஞ்சம் வேகமாகக்கூடத் தட்டிவிட்டேன். இரண்டாவது பாட்டு சமீர் மெட்டமைத்தது. சரணத்தில் அவன் கீபோர்டில் தனியாக மேலே ஏறி, நாங்கள் இருவரும் பின்னாலேயே போய்ச் சேருகிற இடம் ஒன்று வரும். அதற்காகத்தான் அந்தப் பாட்டே. சமீர் ஏறிக்கொண்டிருந்தான்.

தூரத்தில் ஒரு ஒலிபெருக்கி கரகரத்தது.

நாங்கள் யோசிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்க்கவும் இல்லை. மூன்று பேர் கையும் நின்றது. ஜோயல் பாதிச் சொல்லோடு வாயை மூடினான். மாடி அறையில் நிற்பது போலவே தலை குனிந்து நின்றோம்.

"இன்னாப்பா, கரண்ட் போய்டுச்சா?" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். லைட் எரிகிறதே என்று இன்னொருவர் சொன்னார். நாங்கள் தலை குனிந்து நிற்பதைத் தொகுப்பாளர் நன்றி வணக்கம் என்று எடுத்துக்கொண்டார். "பைபாஸ் குழுவினருக்குப் பலத்த கைதட்டல்!" என்றார். தட்டினார்கள். பந்தல் போட்டவர், தண்ணீர் பாட்டில் கொடுத்தவர் என்று அவர் ஒவ்வொருவருக்காக நன்றி சொல்லிக்கொண்டு போனார். பாங்கு முடிந்தது. சமீர் விட்ட இடத்தில் விரலை வைத்தான். எங்கள் ஒயரை அதற்குள் பிடுங்கிவிட்டிருந்தார்கள். அடுத்த டிஜேயின் பாட்டு மேடையை அதிர வைக்க, நடுவில் சமீர் சத்தமே வராத கீபோர்டில் அந்த ஏற்றத்தை விடாமல் வாசித்துக்கொண்டிருந்தான். போய்ச் சேரவேண்டிய இடம் வரை வாசித்துவிட்டுத்தான் கையை எடுத்தான்.

ஜோயல் தொகுப்பாளரிடம் ஓடினான். "அண்ணா, இன்னும் பாட்டு இருக்குதுண்ணா!"

"முடிச்சிட்டு கும்புட்டீங்களேப்பா?"

"கும்புடலண்ணா, நின்னுக்கினு இருந்தோம்."

"மேடையில எவன்பா சும்மா நிப்பான்? எறங்குங்க, டைம் ஆயிடுச்சு."

டிஜேக்காரர் மட்டும் ஹெட்போனைக் கழற்றி, "சாரி ப்ரோ, டைம் கம்மி" என்றார். நல்ல மனிதர்.

தர்பூசணி வண்டியிடம் போனோம். ரஃபி பாய் எங்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு துண்டு வாங்கி வைத்திருந்தார். பிறகு என் கையையும் ஜோயல் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் பாட்டு அவ்வளவா தெரியாதுப்பா. ஆனா நீங்க நிறுத்தினீங்களே, அது ரொம்பப் புடிச்சிருந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் நிறுத்தினீங்களே."

"பாய், இன்னும் நாலு பாட்டு இருந்துச்சு" என்றேன். கண்ணாடி முன்னால் பழகியது ஒன்றும் வாயில் வரவில்லை. "அத மட்டும் கேட்டிருந்தீங்கன்னா..."

"கேட்டிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார் அவர். நிஜமாகவே வருத்தமாகச் சொன்னார். பிறகு தம்பி பக்கம் திரும்பி, "டிக்கெட் அப்படியே இருக்கட்டும், இன்னா?" என்றார். சமீர் தர்பூசணி விதையைத் துப்பிவிட்டுத் தலையாட்டினான்.

நாங்கள் நின்றதை யாரோ போனில் பிடித்து, மத நல்லிணக்கம் என்று தலைப்புப் போட்டு ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள். கல்லூரியில் ஒரு பேராசிரியர் வகுப்பில் என்னை எழுப்பி நிற்க வைத்துப் பாராட்டினார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. நாங்கள் நல்லிணக்கம் காட்டப் போகவில்லை. ஆறு பாட்டு வாசிக்கப் போனோம். நின்றது மரியாதைகூட இல்லை, கைப்பழக்கம். ஆனால் அதை யாரிடம் விளக்குவது? விளக்க விளக்க, அடக்கமான பிள்ளை என்று இன்னும் பாராட்டினார்கள்.

சமீர் போனபிறகு ஜோயலும் நானும் சில வாரம் அந்த அறைக்குப் போனோம். இரண்டு பேராக வாசித்தால் எல்லாப் பாட்டிலும் ஒரு பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு வாசிக்கப் பழகுவதற்குள் ஜோயலுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. நான் இப்போது ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனி ஆபீசில் வெளிநாட்டு வியாபாரிகளுக்கு மெயில் எழுதுகிறேன். 'தங்கள் பொறுமைக்கு நன்றி' என்பது அதில் அடிக்கடி வரும் வரி. மாமு கடையை மூடிவிட்டார். மாடியில் இப்போது பல் டாக்டர். ரிதம் பேட் பீரோ மேல் இருக்கிறது.

சமீர் போன வருஷம் லீவில் வந்தான். ஆம்பூரில் ஒரு பிரியாணிக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். கொஞ்சம் சதை போட்டிருந்தான், நன்றாக இருந்தான். தங்கைகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

"வாசிக்கிறியாடா?" என்றேன்.

"எங்க? ரூம்ல எப்பவும் யாராவது தூங்கினு இருப்பாங்க. ஷிஃப்டு."

"ஹெட்போன் போட்டுக்கலாமே."

"போட்டுப் பாத்தேன் தோஸ்த், கொஞ்ச நாள்." காலித் தட்டை நகர்த்தி வைத்தான். "கூட யாரும் இல்லாம எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல."

சமீரை உங்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். பைக் டேங்க், டீக்கடை பெஞ்சு, ஜோயல் வீட்டு ஃபிரிட்ஜ், முன்னால் உட்கார்ந்து வண்டி ஓட்டுகிற என் முதுகு, எது கிடைத்தாலும் அதன் மேல் கீபோர்டு மாதிரி விரலை ஓட்டிக்கொண்டே இருக்கிறவன். பேசும்போதும் ஓடும், திட்டு வாங்கும்போதும் ஓடும். அன்று பிரியாணி வரும்வரை இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தான்.