பூசை கண்ட எஸ்.எஸ்.டி.

கண்டமங்கலம் கலைப்பிரியாவுக்கு ஒரு பொருளைப் பிறருக்குக் கொடுப்பதைவிடக் கொளுத்திவிடுவது சுலபம். கொழுந்தன் மணிமாறனோடு கூட்டாக விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடை வைத்திருந்தாள். மெஷின் அவனுடையது, டிசைன் இவளுடையது. ஜாக்கெட் கைக்கும் முதுகுக்குமாக ஆறு வருஷம் கண் எரிய எரிய கம்ப்யூட்டரில் வரைந்தது ஆயிரத்துச் சொச்சம்.

ஒருநாள் இவளைக் கேட்காமல் மணிமாறன் அத்தனையையும் ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டான். ஆடிவிட்டாள் ஆட்டம்.

"திருட்டு நாயே, என் கைவேலைய வித்துத் தின்னப் பாக்கிறியா?"

பென்டிரைவைப் பிடுங்கி, அம்மியில் வைத்துக் குழவியால் நசுக்கினாள். கூட்டு அன்றோடு முறிந்தது. மெஷினையும் கம்ப்யூட்டரையும் அவன் திண்டிவனத்துக்கு ஏற்றிக்கொண்டு போனான். அதற்கு முன்பே டிசைன் எல்லாம் இருந்த எஸ்.எஸ்.டி.யை இவள் உள்ளிருந்து கழற்றிக்கொண்டாள். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் சேமித்து வைக்கும், உள்ளங்கைக்குள் அடங்கும் தகடு அது.

துணியில் சுற்றி, ஷீட்டுக் கூரை போட்ட மாடி அறை பீரோவில் வைத்துப் பூட்டினாள். பழைய ஹார்ட் டிஸ்க் மாதிரி உள்ளே சுற்றுவது எதுவும் இல்லை, அதனால் கெடாது என்று யாரோ சொன்னதை வேதவாக்காக நம்பினாள். மூன்று வருஷம் புதுச்சேரிக்கு பஸ் ஏறி, கண்டவளிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு வேலை பார்த்தாள். சொந்த மெஷின் வாங்கிவிட்டால் இந்த டிசைன்களை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மூன்று ஆயுத பூசைக்கும் எஸ்.எஸ்.டி.யை எடுத்துப் பொட்டு வைத்து, சூடம் காட்டி, திரும்பப் பூட்டினாள். ஒரு தடவைகூட எந்தக் கம்ப்யூட்டரிலும் மாட்டவில்லை. எவனாவது காப்பி எடுத்துவிடுவானாம்.

மெஷின் வந்தது. கம்ப்யூட்டர் மாட்ட வந்த மெக்கானிக் அலெக்ஸ் அந்த எஸ்.எஸ்.டி.யோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"டிசைன் பேரு காட்டுதுக்கா, எதுவும் தொறக்கல. ஏற்கெனவே ஓடித் தேஞ்சது. கரண்டே குடுக்காம இந்தச் சூட்டுல மூணு வருஷம் போட்டு வெச்சிருக்கீங்க. உள்ள இருக்கிறது தானா அழிஞ்சிக்கினே வந்திருக்கும். அப்பப்ப மாட்டி ஓட்டியிருந்தா தப்பிச்சிருக்கும். வேற காப்பி எங்கனா இருக்குதா?"

"பூசை போட்டு வெச்சிருந்தத என்னடா பண்ண?" என்று அவன்மேல் பாய்ந்தாள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு ஜல்தியாகக் கிளம்பிவிட்டான்.

மூன்று வருஷமாகப் பேசாத கொழுந்தனுக்கு அவளே போன் போட்டாள். குரல் மட்டும் இறங்கவில்லை.

"அந்த டிசைன வேற எதுலனா ஏத்தி வெச்சிருக்கியாடா?"

"ஒண்ணுலதான் எடுத்தேன் அண்ணி. அதத்தான் குழவியால நசுக்கிட்டீங்களே."

போனைக் கட்டிலில் வீசினாள். அப்போதும் அவன்மேல்தான் ஆத்திரம் வந்தது. திருடினதுதான் திருடினான், இரண்டாகத் திருடித் தொலைத்திருக்கக் கூடாதா, கையாலாகாத பயல்!